பீச் ஸ்டேஷனில் பீச் இல்லை: கடற்கரை – தாம்பரம் மின்ரயிலின் கதை

போன லீவில் திருநெல்வேலியிலிருந்து அத்தை மகன் வந்திருந்தான். மெட்ராஸ் சுற்றிப் பார்க்க ஒருநாள் தனியாகக் கிளம்பியவன், குரோம்பேட்டையில் ரயிலேறி, கடைசி ஸ்டேஷனான பீச்சில் இறங்கி, அங்கிருந்து எனக்கு போன் செய்தான். "டேய், கடல் எங்கடா?" பாவம், மெரினாவில் இறங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு துண்டெல்லாம் எடுத்துப் போயிருக்கிறான் :-)

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் துறைமுகத்தின் சுவரும் கன்டெய்னர் லாரிகளும்தான் தெரியும். ஒரு காலத்தில் அங்கே நிஜமாகவே கடற்கரை இருந்தது. இன்றைய ராஜாஜி சாலைக்கு அப்போது பெயரே 'ஃபர்ஸ்ட் லைன் பீச்'. துறைமுகம் கட்டக் கட்ட, கடல் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. பெயர் மட்டும் ஸ்டேஷன் போர்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவனைக் கிண்டல் செய்து முடித்தபிறகு எனக்கே ஒரு உறுத்தல். பிறந்ததிலிருந்து இந்த ரயிலில்தான் போய்வருகிறேன். நம் வகுப்பில் பாதிப்பேரும் அப்படித்தான். ஆனால் இது எப்போது வந்தது, யார் போட்டது, ஏன் இந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. அதனால் இந்த முறை சோழரும் இல்லை, கருந்துளையும் இல்லை. நம்ம எலெக்ட்ரிக் ட்ரெயின்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னைக்கு ரயில் வந்தது 1856-இல், ராயபுரத்தில். தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை அதுதான். ஆனால் அது மெட்ராஸ் ரயில்வே என்ற கம்பெனி போட்ட அகலப்பாதை, மேற்கே ஆற்காடு பக்கம் போனது. நம் தாம்பரம் லைன் வேறு கம்பெனியுடையது. சவுத் இந்தியன் ரயில்வே என்ற அந்தக் கம்பெனி செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாகத் தெற்கே போட்டது மீட்டர் கேஜ். அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர் இடைவெளி. அகலப்பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. அதனால்தான் ஒரே ஊரில் சென்ட்ரல், எழும்பூர் என்று இரண்டு பெரிய ஸ்டேஷன்கள். தெற்கேயிருந்து வந்து வடக்கே போகிற குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஓடியதற்கு மூலகாரணம் இந்த 676 மில்லிமீட்டர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

எழும்பூரின் அந்தச் சிவப்புக் கட்டடம் 1908-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சைதாப்பேட்டை, பல்லாவரம் போன்ற ஊர்களுக்கு அதில் போய்வரலாம். ஆனால் தினமும் ஆபீஸ் போய்வர நீராவி வண்டி அவ்வளவு தோதில்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். இன்று நடுவிலும் முனையிலும் சேர்த்து 18 ஸ்டேஷன். சராசரியாக ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். நீராவி எஞ்சின் மூச்சு வாங்கி வேகம் பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். கடைசி ஸ்டேஷன் போனதும் எஞ்சினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுபோய், மறுமுனையில் மாட்ட வேண்டும். நிலக்கரி, தண்ணீர் தனி.

மின்சார 'யூனிட்'டில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. தனி எஞ்சினே இல்லை. பயணிகள் உட்காரும் பெட்டிகளில் சிலவற்றின் அடியிலேயே மோட்டார் இருக்கும். இரண்டு முனையிலும் டிரைவர் அறை. தாம்பரம் வந்ததும் டிரைவர் தன் பையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போவார், அங்கிருந்த கார்டு இங்கே வருவார், அவ்வளவுதான், வண்டி திரும்பிவிட்டது. கார்டு இரண்டு மணி அடித்தால் கிளம்பும். கிளம்பிய சில விநாடிகளில் நல்ல வேகம் பிடித்துவிடும். ஒரே ஜோடித் தண்டவாளத்தில் சில நிமிடத்துக்கு ஒரு வண்டி விட முடிகிறது என்றால் இந்த இரண்டு விஷயத்தால்தான்: சட்டென்று வேகம் பிடிப்பது, சட்டென்று திரும்புவது.

இந்தியாவில் முதல் மின்ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் ஓடியது. அடுத்தது மெட்ராஸ்தான். கல்கத்தாவுக்கு அது வர 1957 ஆனது. இங்கே 1928-இல் வேலை தொடங்கி, 1931 ஏப்ரல் 2-ஆம் தேதி அன்றைய கவர்னர் சர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி தொடங்கி வைத்தார். மே 11-ஆம் தேதியிலிருந்து பொதுமக்களுக்கு ஓட ஆரம்பித்தது. 1,500 வோல்ட் நேர்மின்சாரம். மீட்டர் கேஜில் மின்ரயில் என்பது இந்தியாவில் இங்கே மட்டும்தான் இருந்தது. கடைசிவரை வேறெங்கும் வரவேயில்லை.

கவர்னர் அன்றைக்குப் பேசியதன் சாரம், இந்த ரயிலால் நகரத்துக்கு வெளியே உள்ள காலி இடங்கள் வேகமாக வளரும் என்பது. திறப்புவிழாவில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள், கண்டுகொள்ளத் தேவையில்லை என்று நினைத்தேன். அப்புறம் 1931-இல் அந்தப் பாதையில் என்னதான் இருந்தது என்று தேடிப் பார்த்தபோதுதான் ஆச்சரியம்.

ஒன்றுமே இல்லை! சரி, கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன். பல்லாவரத்தில் ராணுவக் குடியிருப்பு இருந்தது. சைதாப்பேட்டை பழைய ஊர். மாம்பலத்தில் பெரிய ஏரியை 1920களில் தூர்த்து தியாகராய நகர் என்று மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் வயலும் பனைமரமும்தான். குரோம்பேட்டை என்கிற பெயரே ஒரு ஃபேக்டரியின் பெயர். குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் 'குரோம் லெதர் கம்பெனி' அங்கே இருந்ததால் குரோம்பேட்டை. (எங்கள் ஊர்ப் பெயருக்குச் சங்க இலக்கியத்தில் ஆதாரம் தேடியவன் நான். சிரிக்காதீர்கள்.) அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காக அங்கே ஆஸ்பத்திரி தொடங்கினார். ஏன் அங்கே? சுத்தமான காற்றுக்காக! அவ்வளவு தூரம், அவ்வளவு ஆளரவமற்ற இடம். ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு இந்த வரியின் சோகம் புரியும்.

1937-இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. நூறு வருடப் பழமையான கல்லூரி காட்டுக்குள் போகிறது. ரயில் இல்லாமல் அப்படிப்பட்ட முடிவை யாரும் எடுத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். நகரத்துக்குள் 1895-இலிருந்தே டிராம் ஓடிக்கொண்டிருந்தது, உண்மை. ஆனால் அது நகரத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. 1953-இல் அதுவும் நின்றுபோனது. அதற்கப்புறம் கையில் கார் இல்லாத ஆள் தூரத்தில் குடியிருந்துகொண்டு பாரிமுனையில் வேலைபார்க்க வேண்டுமானால், பஸ்ஸை விட்டால் இந்த ரயில்தான்.

அப்படிக் குடிவந்தவர்களில் ஒருவர் என் தாத்தா. 1958-இல் கும்பகோணம் பக்கமிருந்து வந்து, பீச் ஸ்டேஷன் எதிரே ஒரு கம்பெனியில் குமாஸ்தா. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். நாலு வருடம் கழித்து குரோம்பேட்டையில் ஒரு மனை வாங்கினார். "டவுன்ல வாடகை குடுக்கற காசுல இங்க சொந்தமா மண்ணு. சீசன் டிக்கெட் இருக்கறவனுக்கு எந்த ஊரும் தூரமில்லடா" என்பார். ஸ்டேஷனிலிருந்து வீடுவரை தெருவிளக்கு கிடையாது, பாட்டி அரிக்கேன் விளக்கோடு வாசலில் நிற்பாளாம். காலையில் அவருக்கென்று ஒரு வண்டி, ஒரு பெட்டி, ஒரு ஜன்னல். பக்கத்தில் உட்கார்பவர்களும் தினமும் அதே ஆட்கள். தாம்பரத்தில் ஏறுகிறவர் மூன்று பேருக்குத் துண்டு போட்டு வைப்பார். சீட்டுக்கட்டு ஓடும். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அந்தப் பெட்டியே திரண்டு போனதாம். முப்பது வருடம் ஒன்றாகப் போய்வந்தவர்களுக்கு ஒருவர் வீடு இன்னொருவருக்குத் தெரியாது, ஸ்டேஷன் மட்டும்தான் தெரியும் என்று சொல்லுவார்.

தாத்தா மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள். மேற்கு மாம்பலம், பழவந்தாங்கல் பக்கம் நங்கநல்லூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் இப்படி சீசன் டிக்கெட்டை நம்பி மனை வாங்கியவர்களால் நிறைந்த ஊர்கள். மேப்பை எடுத்துப் பாருங்கள். பழைய சென்னை கடலோரமாக வடக்கு தெற்காகக் கிடக்கும். தென்மேற்கே மட்டும் ஒரு வால் நீளும். அந்த வால்தான் ரயில்பாதை.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. 1931-இல் ரயில் முதலில் வந்தது, ஜனம் பின்னால் வந்தது. காலி வண்டியை வயலுக்கு நடுவே விட்டு, ஆள் வரும் என்று காத்திருந்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி, லாபத்துக்காகத்தான் செய்தது, தியாகமெல்லாம் இல்லை. இருந்தாலும் வரிசை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு எப்போதும் ஜனம் முன்னால், ரயில் மூச்சிரைக்கப் பின்னால்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-இல் அந்தக் கம்பெனி மற்ற ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. அடுத்த பெரிய மாற்றம் மின்சாரத்தில். 1,500 வோல்ட் என்பது குறைந்த அழுத்தம். அதே சக்தியைக் கொடுக்க அதிக மின்னோட்டம் வேண்டும், அதற்குத் தடித்த கம்பி வேண்டும், கொஞ்ச தூரத்துக்கு ஒரு துணைமின்நிலையம் வேண்டும். (பிசிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது தெரியும்.) 1950களின் இறுதியில் இந்திய ரயில்வே நாடு முழுவதற்கும் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் என்று முடிவெடுத்தது. அதன்படி 1967 ஜனவரி 15-ஆம் தேதி கடற்கரை – தாம்பரம் பாதையும் மாறியது. பழைய வண்டிகளுக்குப் பதில் பெரம்பூர் ஐ.சி.எஃப்.-இல் செய்த புதிய யூனிட்கள் வந்தன. அதே 1960களில் கம்பி விழுப்புரம் வரைக்கும் நீண்டது. அங்கே எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்க ஜப்பானிலிருந்து யாம்-1 என்ற சின்ன மின்எஞ்சின்கள் 20 வந்தன. ரயில் பைத்தியங்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசினால் கண்கலங்குவார்கள்.

ரயில் ஊரை வளர்த்தது என்று சொன்னேன். அது ஊரை இரண்டாக அறுக்கவும் செய்தது. மாம்பலத்தில் தண்டவாளத்துக்குக் கிழக்கே தியாகராய நகர், ரங்கநாதன் தெரு, நகைக்கடை. மேற்கே மேற்கு மாம்பலம், ஒண்டுக்குடித்தனம், கல்யாணச் சமையல்காரர்கள். நடுவில் துரைசாமி சப்வே, பெருமழை பெய்தால் அது குளம். கோடம்பாக்கத்தில் கேட் மூடினால் ஸ்டூடியோவுக்குப் போகும் நட்சத்திரங்களின் கார்கள் வரிசையாக நிற்குமாம், பார்ப்பதற்கென்றே கூட்டம் காத்திருக்குமாம். 1965-இல் மேம்பாலம் வந்து அந்த இலவசக் காட்சி முடிந்தது. எத்தனை ஊர்களில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்று யோசியுங்கள். வண்டிகள் அதிகமாக அதிகமாக கேட் மூடியிருக்கும் நேரமும் அதிகமானது. சப்வேயும் பாலமும் வர வருடக்கணக்கில் ஆனது. அதுவரை ஜனம் தண்டவாளத்தின் மேல் நடந்தது. என்னோடு ப்ளஸ் டூ படித்தவனின் அப்பா அப்படி ஒரு காலை நேரத்தில் குறுக்கே போனவர், திரும்பி வரவில்லை. அவன் வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டு நிமிட நடை. ரயில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே வாங்கிய வீடு.

இனி அந்த 676 மில்லிமீட்டர். 1979-இல் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கமும் மின்ரயில்கள் வந்துவிட்டன. ஆனால் அவை அகலப்பாதை. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, சென்ட்ரல் பக்கம் நடந்து, வேறு வண்டி ஏற வேண்டியதுதான். நேர்வண்டி விடுவதற்கு வழியே இல்லை. 1992-இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்ற திட்டம் தொடங்கியது. தெற்குப் பாதைகள் ஒவ்வொன்றாக மாறின. தாம்பரம் பாதையில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம், ஏனென்றால் ஒருநாள்கூட வண்டியை நிறுத்தி வைக்க முடியாத பாதை இது. பக்கத்திலேயே அகலப்பாதை போட்டு, சில வருடங்கள் இரண்டையும் ஓட்டி, பிறகு பழையதைப் பிடுங்கினார்கள். ஒரே ஸ்டேஷனில் ஒரு பக்கம் சின்ன வண்டி, மறுபக்கம் பெரிய வண்டி. அம்மா சொல்லுவாள், அகலமான வண்டி வந்த புதிதில் எதிர் சீட்டுக்காரர் முட்டி இடிக்காமல் உட்கார்ந்து வந்ததே ஏதோ ஃபர்ஸ்ட் கிளாஸ் மாதிரி இருந்தது என்று. 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் முடிந்தது. 73 வருடம் ஓடியிருக்கிறது.

அகலமான வண்டி, நீளமான வண்டி, அதிக வண்டி. ஆனால் அதற்குள் ஜனம் செங்கல்பட்டு வரை போய்விட்டிருந்தது. சுத்தமான காற்றுக்குப் போன சானடோரியத்துக்கு எதிரே 1984-இலேயே ஏற்றுமதி வளாகம் வந்து, காலையில் பெண்கள் பெட்டியிலிருந்து நூற்றுக்கணக்கில் இறங்க ஆரம்பித்திருந்தார்கள். முன்பு காலையில் எல்லாரும் வடக்கே, மாலையில் எல்லாரும் தெற்கே. இப்போது இரண்டு பக்கமும் கூட்டம். ஃபுட்போர்டில் தொங்குவது வீரம் அல்ல, பாதிப்பேருக்கு வேறு இடம் இல்லை. 2018 ஜூலை 24 காலையில் மின்கம்பி அறுந்து, மெதுவாகப் போகும் பாதை அடைபட்டது. கடற்கரையிலிருந்து திருமால்பூர் போகும் வண்டியை எக்ஸ்பிரஸ் பாதையில் திருப்பிவிட்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு தடுப்புச்சுவர். வழக்கமான பாதையில் அது கிடையாது. வாசலில் தொங்கிவந்தவர்கள் அதில் மோதினார்கள். இறந்தவர்களில் என் வயதுப் பையன்களும் இருந்தார்கள். "தொங்கியது அவர்கள் தப்பு" என்று அன்று நிறையப் பேர் சொன்னார்கள். எட்டு மணி வண்டியில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். தானாக மூடும் கதவு உள்ள ஏ.சி. யூனிட் இந்தப் பாதைக்கு 2025 ஏப்ரல் 19-ஆம் தேதிதான் வந்தது. டிக்கெட் விலை சாதாரண வண்டியைப்போலப் பல மடங்கு.

ரயில் பின்னால் வருவதற்கு இன்னும் இரண்டு சாட்சி. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் 2007 நவம்பரில் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏரிக்கரை வரை வீடு கட்டி முடித்திருந்தார்கள். இன்னொன்று கிளாம்பாக்கம். தென்மாவட்ட பஸ்களுக்கெல்லாம் புது நிலையம் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். மின்ரயில் பாதை கிட்டத்தட்ட பக்கத்திலேயே போகிறது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஒரு ஸ்டேஷன் இல்லை. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போக நாங்கள் ரயிலில் வண்டலூர் வந்து, அங்கே இறங்கி, ஷேர் ஆட்டோவுக்குச் சண்டை போட்டு, பெட்டியோடு பஸ் நிலையம் போய்ச் சேர்ந்தோம். ஆட்டோ ஜன்னல் வழியே யூனிட் ஒன்று எங்களைத் தாண்டி ஜம்மென்று போனது. 1931-இல் வயலுக்கு நடுவே ரயில் நிறுத்தியவர்களை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை பீச் வரைக்கும் போய்வருவார். ஆபீஸ் இருந்த கட்டடம் பூட்டிக்கிடக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார். போன மாதம் அவரோடு நானும் போனேன். தாம்பரம் வண்டி காலியாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்து வந்தார். தாத்தா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு ஏறி, மேற்குப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தார். சாயங்கால வெயில் அந்தப் பக்கம் அடிக்குமே தாத்தா என்றேன். கோடம்பாக்கம் தாண்டினால் சரியாகிவிடும் என்றார்.